பொம்மைச் சீட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட் போகிற சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் அமைதி மையம் திறப்பதென்று முடிவானபோது, அதற்கு ஒதுக்கிய அறையில் உடைந்த நாற்காலிகள் கிடந்தன. அவற்றைப் போட வேறு இடமில்லை. ஆகவே சுவரோரம் அடுக்கி, மேலே நீலத்துணி போர்த்தி, கதவில் 'தலைமைத்துவம் மற்றும் அமைதிக் கட்டமைப்புக்கான பன்னாட்டு மையம்' என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். பலகையைத் துடைக்கிற வேலை பிரேமாவுக்கு வந்தது.

பிரேமாவுக்குக் கல்லூரியில் துப்புரவு வேலை. பழவேற்காடு ஏரிக்கரையில் கோரைமேட்டுக்குப்பத்தில் வீடு. விடிந்ததும் கிளம்பி, பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், இறங்கி ஷேர் ஆட்டோ. பெருக்குவது, துடைப்பது தவிர, தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கிய பதினாறு கண்ணாடிச் சட்டங்களின் தூசி தட்டுவதும் அவள் பொறுப்பு. பதினாறு தேசத்துப் பல்கலைக்கழகங்கள் கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருந்தன. எதைப் புரிந்துகொண்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பதினேழாவது ஒப்பந்தத்தில்தான் வினை வந்தது. அதில் ஓர் ஆள் நிஜமாகவே கிளம்பி வருவதாக எழுதியிருந்தது.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் வசந்தகுமார் ஸார். போன மாதம் வரை மார்க்கெட்டிங் பாடம் நடத்தியவர். வருகிற வெள்ளைக்கார மேடம், ஊர்கள் தங்களுக்குள் எப்படிச் சமாதானமாக வாழ்கின்றன என்று ஆராய்கிறவராம். நேரில் பார்க்க ஓர் ஊர் வேண்டுமாம். வசந்தகுமார் தாழ்வாரத்தில் வாளியோடு நின்ற பிரேமாவைக் கூப்பிட்டார்.

"பிரேமா, உங்க ஊர்ல சண்ட ஏதாவது நடக்குதா?"

"எங்க ஊர்லயா? இல்லியே ஸார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பக்கத்து ஊரோட, எல்லை, கோயில், தண்ணின்னு ஒண்ணுமேவா இல்ல?"

"பக்கத்துல தோப்புக்குப்பம் கீது ஸார். ரெண்டு ஊருக்கும் ஒரே முகத்துவாரம்தான். ஆனா சண்டயில்ல."

"இப்படிச் சொன்னா நான் மேடத்துக்கு என்னத்தக் காட்டுறது?"

பிரேமாவுக்குத் தன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமென்று, "சீட்டு போட்டுப்போம் ஸார், வருசா வருசம்," என்றாள். "யாரு எப்ப வலை கட்டறதுன்னு. வந்தது வந்ததுதான். அதுக்கப்பறம் இன்னா சண்ட?"

வசந்தகுமார் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆறு வருஷ வேலையில் ஒரு ஸார் அவள் பேச்சுக்கு எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் விழாது. முகத்துவாரத்தை ஒட்டி ஓர் இடத்தில்தான் ஓட்டம் இருக்கும். அங்கே கழி நட்டு வலை கட்டினால், கடலுக்குப் போகிற இறால் தானாக வந்து விழும். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். இரண்டு ஊரிலும் கல்யாணமான ஆண்கள் முப்பத்தாறு பேர். ஆளுக்கு எட்டு நாள் பாடு. யாருக்கு முதல், யாருக்குக் கடைசி என்று ஆவணியில் கங்கையம்மன் கோயில் முன்னால் சீட்டு எடுப்பார்கள். ஐப்பசி அமாவாசையில் தொடங்குகிற முதல் முறைதான் முறை. மழைத் தண்ணீர் இறங்கி, முகத்துவாரம் உடைத்துக்கொண்டு, எட்டு நாளும் இறால் கொட்டும். சித்திரையில் வாய் மண்ணடைத்துப் போகும். அப்போது வலை கட்டுகிறவன் வலையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான்.

பிரேமாவின் புருஷன் சேகருக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பதினான்கு சீட்டும் மாசி, சித்திரை, வைகாசி என்றே வந்தது. நடுவில் மூன்று வருஷம் ஓர் இரும்பு உருக்காலையில் கான்டிராக்ட் வேலைக்குப் போய், வலது முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குச் சுட்ட தழும்போடு திரும்பினான். அதற்குப் பிறகும் கையில் காசில்லாத மாதங்களில் கான்டிராக்டர் கூப்பிட்டால் போய்வந்தான். பைபர் படகு அடியில் பிளந்துவிட்டது. தார் பூசித் தார் பூசி, படகை விடத் தார் கனம் அதிகம். இந்த ஆவணியில்தான் முதல் சீட்டு அவனுக்கு வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிரேமாவிடம் சொல்ல வாய் வராமல் ஒற்றை விரலைக் காட்டினான். எட்டு நாள் ஓட்டத்தில் படகு வந்துவிடும். படகு வந்தால் மனிதன் தண்ணீரிலேயே இருந்துகொள்ளலாம். கான்டிராக்டரிடம் இனி வரமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

மேடம் வருகிற சேதியைப் பிரேமா கொண்டுவந்த சாயங்காலம் மடவைக் குழம்பு. சேகர் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டான்.

"அவுங்க ஊர்ல ஏரி இல்லியாமா?"

"கீதாம். மீன் புடிக்க மாட்டாங்களாம். சுத்தி நடப்பாங்களாம்."

"நாம சண்ட போடாம கீறதப் பாக்கவா அம்மாந்தூரம் பிளேன் ஏறி வராங்க?"

"ஆமாய்யா."

"டிக்கெட்டு யாரு குடுக்கறது?"

"அவுங்க ஆபீஸ்ல குடுப்பாங்களாம்."

"நல்ல ஆபீசு," என்றான் சேகர். "சண்ட போட்டா போலீஸ்காரன் வரான், அவனுக்கு நாமதான் நாஷ்டா வாங்கித் தரணும். இது தேவல. அந்தத் தலய எடுத்துப் போடுமே."

ஊர்த் தலைவர் ஹேமநாத்துக்கு முதலில் இஷ்டமில்லை. சீட்டு போட்டு இரண்டு மாதம் ஆகிறது, திரும்ப எதற்கு என்றார். கல்லூரி ஊருக்கு ஒரு குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் தரும் என்று வசந்தகுமார் சொன்னபிறகு, "சும்மா காட்டத்தான, பொம்ம சீட்டு போட்டுக் காட்டுவோம்," என்றார். பானை வேறு பானை, பூஜை கிடையாது என்று பேச்சு. சீட்டு என்பது பூவரசங்கட்டையில் செதுக்கிய விரல் நீளத் துண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. பொம்மைக்காக முப்பத்தாறு துண்டு புதிதாகச் செதுக்க யாருக்கு நேரமிருக்கிறது? ஒரு வேளைக்குத்தானே என்று கோயில் பெட்டியிலிருந்த நிஜத் துண்டுகளையே எடுத்து வைத்தார்கள்.

புரட்டாசி கடைசி வாரம். வானம் மூடியே கிடந்தது. தெற்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் மேகமும் ஒன்றாகித் தெரிந்தன. கல்லூரி வேன் வந்தது. வேனிலிருந்து முதலில் பேனர் இறங்கியது, பிறகு சாப்பாட்டுப் பொட்டலம், பிறகு மேடம். பெயர் ஹெல்கா. அறுபது வயதிருக்கும், வெள்ளை முடி, காட்டன் சுடிதார். எங்கேயோ படித்திருப்பார் போல, கோயில் இன்னும் ஐம்பது அடி இருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளிஞ்சல் மேல் நடந்து வந்தார். மனுஷி நல்லவர்தான். பிரேமாவின் மகள் யாழினி நீட்டிய நண்டுக்குஞ்சைக் கையில் வாங்கி, அது கடித்தும் கீழே போடாமல் மெல்ல இறக்கிவிட்டார்.

எல்லோரிடமும் ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தமிழிலேயே இருந்தது. சேகர் பத்தாவது வரை படித்தவன், முழுதும் படித்தான். இதில் பங்கேற்பதால் தங்களுக்கு எந்தத் தீங்கும் நேராது என்று நாலாவது வரி. கையெழுத்துப் போட்டுவிட்டு, முகத்துவாரத்தைப் பார்க்க ஆசைப்பட்ட இரண்டு மாணவர்களைத் தன் ஒட்டுப்போட்ட படகில் ஏற்றிக்கொண்டு போனான். தன் பாடு எது என்று காட்டுவதில் அவனுக்கு ஓர் ஆசை இருந்தது.

மேடம் ஐந்து நிமிஷம் பேசினார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார், ஏரியைக் காட்டினார், குரல் ஓரிடத்தில் தழுதழுத்தது. எல்லோரும் வசந்தகுமாரைப் பார்த்தார்கள்.

"ரொம்ப சந்தோஷமா இருக்காம்," என்றார் அவர்.

பானை முன்னால் அங்காளம்மாள் உட்கார்ந்தாள். சீட்டு எடுக்கிற கை அவளுடையது. புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது, ஆகவே பாடும் கிடையாது. எதிலும் பங்கில்லாத கை என்பதால் இரண்டு ஊரும் அந்தக் கையை நம்பின. கண்ணைத் துணியால் கட்டினார்கள்.

"ஏம்பா ஹேமநாத், இது வெளயாட்டுதான?"

"வெளயாட்டுதான் ஆயா. நீ பாட்டுக்கு எடுத்துக் குடு."

அங்காளம்மாள் கொட்டாவி விட்டபடியே மூன்று துண்டு எடுத்தாள். நாலாவதை எடுக்கும்போது காதைக் குடைந்தாள். தோப்புக்குப்பத்து ஆட்கள் ஆளுக்கொரு கேலி செய்தார்கள். போட்டோக்காரன் வசந்தகுமாரிடம் வந்து, "படத்துல ஒண்ணும் நிக்கல ஸார், கெழவி காது கொடையறதுதான் தெரியுது," என்றான். ஹேமநாத் அந்தப் பக்கம் மெஷின் விஷயமாகக் கல்லூரி மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தார். வசந்தகுமார் பிரேமாவிடம் வந்தார்.

"கற்பூரம் ஏத்துவாங்கன்னு சொன்னியேம்மா?"

"ஏத்துவாங்க ஸார்."

"அப்புறம் ஏன் ஏத்தல? மேடம் முழு புராசஸையும் பாக்கணும்ங்கிறாங்க. கட்டையெல்லாம் திரும்ப உள்ள போட்டு மொதல்லேருந்து எடுக்கச் சொல்லு. நீ கற்பூரத்த ஏத்து. யூனிபார்ம்லதான இருக்க, படத்துல காலேஜ் பேரும் தெரியும்."

கல்லூரியில் எந்த விழாவானாலும் குத்துவிளக்கை மூன்று முறை ஏற்றுவார்கள். முதலாவதில் சேர்மன் கண்ணை மூடியிருப்பார், இரண்டாவதில் யாராவது குறுக்கே வந்திருப்பார்கள். ஊதி அணைத்து, திரியைத் திருத்தித் திரும்பக் கொடுப்பது பிரேமாவின் வேலை. ஆறு வருஷமாக அவள் கைப்பட்ட தீ எதுவும் போட்டோவுக்கு மேல் போனதில்லை. ஊரில் சீட்டு எடுக்கும்போது பெண்கள் கிணற்றடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். அங்கிருந்து பார்க்கிறவளுக்கு நடுவில் ஒரு வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பிரேமா அதைச் சாமிக்குக் காட்டுகிற சாதாரணக் கற்பூரம் என்றே நினைத்திருந்தாள். அந்தக் கற்பூரம்தான் சீட்டு என்பதை, அது எரிந்தால் பழைய சீட்டு செத்தது, புதிய சீட்டு பிறந்தது என்பதை, ஆண்கள் யாரும் வீட்டில் சொன்னதில்லை. சோறு தின்னும்போது பேசுகிற விஷயமாக அது இல்லை.

அவள் துண்டுகளைப் பானைக்குள் போட்டாள். கற்பூரத்தை ஏற்றினாள்.

பார்த்தவர்கள் முப்பது பேர். வாயைத் திறந்தவர்கள் இரண்டு பேர். ஆனால் தீ பிடித்துவிட்டது. கற்பூரம் எரிய ஆரம்பித்தால் கடைசித் துண்டு வெளியே வருகிறவரை யாரும் பேசக் கூடாது. பேசுகிறவனுக்கு அந்த வருஷம் பாடு இல்லை. திறந்த வாய் இரண்டும் திறந்தபடியே நின்றன. சத்தம் அடங்கியதைக் கேட்டுத் திரும்பிய ஹேமநாத், ஓடி வந்து, பாதி தூரத்தில் புரிந்துகொண்டு, தானும் வாயைப் பொத்தினார்.

வாசனை அங்காளம்மாள் மூக்குக்குப் போயிற்று. கூன் நிமிர்ந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். "தாயே, இது பங்கில்லாத கை," என்று வேறு குரலில் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

முதல் துண்டில் மூன்று வெட்டு. தோப்புக்குப்பம் வரதன் குடும்பத்து அடையாளம்.

வரதன் முகத்தைப் பார்த்தபோதுதான் என்னவோ ஆகிவிட்டது என்று பிரேமாவுக்கு உறைத்தது. சந்தோஷப்படுகிறவன் முகமாக அது இல்லை. அடுத்தவன் வீட்டுக் கதவைத் தவறித் திறந்துவிட்டவன் முகம். அவள் ஒவ்வொரு துண்டாக எண்ண ஆரம்பித்தாள். சேகரின் துண்டில் நண்டுக்கால் மாதிரி ஒரு வெட்டு இருக்கும். ஐந்து, எட்டு, பன்னிரண்டு. ஏரிக்காற்றில் கற்பூரம் அணையும் என்று வேண்டிக்கொண்டாள். வில்லையை நல்ல பெரிதாகப் பார்த்து வைத்தது அவளேதான். நண்டுக்கால் இருபத்து மூன்றாவதாக வந்தது. சித்திரை.

கடைசித் துண்டு வந்ததும் மேடம் கைதட்டினார். இவ்வளவு கட்டுப்பாடான மௌனத்தை எந்த தேசத்திலும் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வசந்தகுமார், "ரொம்ப நல்லா இருந்துச்சாம்," என்றார்.

சேகர் கரையேறி வந்தபோது இரண்டு ஊரும் கோயில் வாசலில் இரண்டு கும்பலாகப் பிரிந்து நின்றன. விஷயத்தைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. கடைசியில் அங்காளம்மாள் கண்கட்டை அவிழ்த்தபடி சொன்னாள்.

"எனக்கு இன்னா தெரியும் நைனா? கற்பூர வாசன வந்துச்சு, அம்மா எட்றின்னா, எட்த்தேன். வெளயாட்டுக்கு எவளாச்சும் கற்பூரம் கொளுத்துவாளா?"

எல்லோரும் பிரேமாவைப் பார்த்தார்கள். சேகர் மட்டும் பார்க்கவில்லை.

கோரைமேட்டுப் பையன்கள் குதித்தார்கள். "பொம்ம சீட்டுன்னு சொல்லித்தான போட்டோம்? இது செல்லாது தலைவரே!"

"அம்மன் எதிர்ல எரிஞ்ச கற்பூரத்த செல்லாதுன்னு சொல்ல நீ யார்ரா?" என்று தோப்புக்குப்பத்திலிருந்து குரல் வந்தது.

"ஒனுக்கு சீட்டு வந்துச்சு, நீ சொல்லுவ."

"அப்ப ஒனுக்கு வராததால செல்லாதா? போன வருசம் எனுக்கு வைகாசி வந்துச்சே, நானும் செல்லாதுன்னுட்டு பாடுல போயி குந்திக்கினேனா?"

வரதன் குறுக்கே வந்தான். சேகரை மாமா என்று கூப்பிடுகிறவன், பத்து வயது இளையவன். "மாமா, நான் கேக்கல மாமா. அம்மா சத்தியமா கேக்கல. ஆனா வந்தத வேணான்னா அம்மாவத் தள்றாப்ல ஆயிடும். எனுக்கும் புள்ளகுட்டி கீது."

"ஒன்ன யாரு இன்னா சொன்னாங்க," என்றான் சேகர்.

பிரேமாவுக்கு ஒரு யோசனை வந்தது. நடந்தது நாடகம்தான் என்று மேடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்தவர்கள் கேட்டதால்தான் ஏற்றியது என்று தெரிந்தால் ஊர் ஒத்துக்கொள்ளும். அதைச் சொன்னதும் ஹேமநாத் தலையாட்டினார். "அவுங்க வந்து அம்மன் எதிர்ல நின்னு, எங்களுக்காகக் கொளுத்துனதுன்னு சொல்லட்டும். ரெண்டு ஊரும் கேக்கட்டும். அப்பறம் பாக்கலாம்."

வசந்தகுமார் மேடத்திடம் சொன்னார். எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. மேடம் முகம் வெளுத்தது. நிஜமாகவே கலங்கினார். பேசினார், நிறுத்தினார், திரும்பப் பேசினார். பிரேமா வசந்தகுமாரின் சட்டைக் கையைப் பிடித்தாள். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

"முழுசாச் சொல்லுங்க ஸார். சந்தோஷமா இருக்காம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ரொம்ப வருத்தமா இருக்காம். ஆனா வெளியிலேருந்து வந்தவங்க ஊர் முடிவுல தலையிடக் கூடாதாம். அது அவங்க ஆராய்ச்சியோட தர்மமாம். தலையிட்டா அவங்க கமிட்டி கேள்வி கேக்குமாம்."

"தலையிடாமத்தான் கற்பூரம் ஏத்தச் சொன்னாங்களா?"

வசந்தகுமார் சட்டைக் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு சன்னமாக, "அவங்க ஏத்தச் சொல்லலம்மா. முழுசாப் பாக்கணும்னுதான் சொன்னாங்க. ஏத்தச் சொன்னது நான்," என்றார்.

"அப்ப நீங்க சொல்லுங்க ஸார். வந்து அம்மன் எதிர்ல நில்லுங்க."

அவர் கோயிலைப் பார்த்தார், கும்பலைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேனைப் பார்த்தார். "காலேஜ் பேரு வரும்மா இதுல," என்றார் வசந்தகுமார். "நான் ஆபீஸ்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

கும்பலில் யாரோ படகுக் கழியை உருவினார்கள். எதிர்ப்பக்கம் நாலு கழி நிமிர்ந்தது. கிணற்றடியிலிருந்து பெண்கள் கத்தினார்கள். பதினான்கு வருஷத்தில் பிரேமா அந்த இரண்டு ஊருக்கு நடுவில் கழி நிமிர்ந்து பார்த்ததில்லை.

சேகர் நடுவில் போய் நின்றான். ஈரக் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கழிய கீழ போடுங்கடா. சீட்டு சீட்டுதான்." கொஞ்சம் நிறுத்தி, "எனுக்கு சித்திரை. நான் ஒத்துக்கினேன். எனுக்கில்லாத பேஜாரு ஒங்களுக்கு இன்னா?" என்றான்.

வீட்டை நோக்கி நடந்தான். கழிகள் ஒவ்வொன்றாய் இறங்கின. மேடம் ஒரு நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் சேகர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். பிரேமா வாசலில் நின்றாள். யூனிபார்மை மாற்றவில்லை.

"திட்டுய்யா," என்றாள்.

"இன்னான்னு திட்றது?"

"எதுனா சொல்லித் திட்டு. நாலு அற அறை. பேசாம குந்திக்கினு கீறியே."

"ஒனுக்குத் தெரியாதுமே."

"தெரியாதுன்னா? பதினாலு வருசமா இந்த ஊட்ல கீறேன். ஒரு நாளு சொன்னியா நீ, கற்பூரம் இப்டின்னு?"

"சொல்லல."

"ஏன் சொல்லல?"

சேகர் யோசித்தான். "நீ கேக்கலியே," என்றான். பிறகு அதுவும் நியாயமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "கேட்டாலும் சொல்லியிருப்பனோ இன்னமோ," என்றான். பீடி பாதியிலேயே அணைந்துவிட்டது. திரும்பப் பற்ற வைக்கவில்லை.

"அம்மாங்கூட்டம் கழியத் தூக்கிச்சே, நம்ம பக்கமும் ஆளு நின்னாங்களே. ஏன்யா ஒத்துக்கின?"

"ஒத்துக்காம? எவன் மண்டயாச்சும் ஒடஞ்சிருந்தா அந்தப் பாடுல போயி வலை கட்டி எறா துன்ன முடியுமா? வரதனுக்கும் ரெண்டு புள்ள."

"நம்ம புள்ள?"

சேகர் அணைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் வசந்தகுமார் ஆபீஸில் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நிறைவு விழா. பிரேமா மேடைக்குக் கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் திரையை இறக்கிப் படம் போட்டுப் பார்த்தார்கள். அவள்தான். குனிந்து கற்பூரம் ஏற்றுகிறாள், முகத்தில் மஞ்சள் வெளிச்சம். அவள் கல்யாணத்தில்கூட அவ்வளவு நன்றாக யாரும் படம் எடுத்ததில்லை. கீழே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. துணைக்கு வந்த துப்புரவுக்காரி கெங்கம்மாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். தலைமை தாங்கும் பெண் என்று போட்டிருக்கிறது என்றாள்.

விழாவில் மேடம் கோரைமேட்டைப் பற்றிப் பேசினார். தோற்றவனே எழுந்து நின்று முடிவை ஏற்றுக்கொண்ட இடத்தில் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிரேமாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். மேடம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஏதோ கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. மொழிபெயர்க்க வேண்டிய வசந்தகுமார் பக்கத்தில்தான் நின்றார், கேமராவைப் பார்த்தபடி. பதினெட்டாவது ஒப்பந்தம் அன்றைக்கே கையெழுத்தானது. அதற்கும் ஆணி அடித்துக் கொடுத்தது பிரேமாதான்.

அன்று சாயங்காலம் சேகர் கான்டிராக்டருக்குப் போன் செய்தான். அந்த இடத்துக்கு ஒடிசாப் பையன் ஒருவனைப் போட்டாயிற்று, தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

ஐப்பசி அமாவாசைக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே மழை. ஆரணியாறு செம்மண் நிறத்தில் இறங்கியது. முகத்துவாரம் உடைத்துக்கொண்ட சத்தம் ஊருக்கே கேட்டது. இப்படி ஒரு ஓட்டத்தை ஏழெட்டு வருஷமாகப் பார்த்ததில்லை என்று படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள். சேகர் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். மாற்றியது அவனுக்குத் தெரிந்தது. "நல்ல ஓட்டம்," என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

வரதன் வலை கட்டிய முதல் நாள், விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று படகு நிறைந்தது. முதல் நாள் பிடியில் பாக்கி முப்பத்தைந்து வீட்டுக்கும் ஒரு சட்டி இறால் அனுப்புவது பாடுக்காரன் கடமை. மற்ற வீடுகளுக்குப் பையன்கள் கொண்டுபோனார்கள். சேகர் வீட்டுக்கு வரதனின் பெண்சாதியே வந்தாள். சட்டி மற்ற வீட்டுச் சட்டியைவிடப் பெரிது. வெள்ளை இறால், விரல் கனம், மீசை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாசலில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், "அக்கா, வெச்சிட்டுப் போறேங்க்கா," என்று போய்விட்டாள்.

பிரேமா சட்டியைத் தொடவில்லை.

"ஆக்குமே," என்றான் சேகர்.

"என்னால முடியாது. தூக்கி ஏரிலயே கொட்டிடறேன்."

"ஆக்கு. எல்லா ஊட்லயும் எறா வாசன வருது. நம்ம ஊட்லேர்ந்து மட்டும் வர்லன்னா, சேகரு வஞ்சம் வெச்சிக்கினான்னு பேச்சு வரும். நம்ம பசங்க அதுக்குத்தான் காத்துக்கினு கீறானுங்க. மறுபடி கழியத் தூக்குவானுங்க." எழுந்து போய்க் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தான். "எண்ணெ தாராளமா ஊத்து. கரம் மசாலாவும் போடு."

பிரேமா ஆக்கினாள். தலையைக் கிள்ளி, தோலை உரித்து, முதுகு நரம்பை உருவி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, பூண்டு தட்டிப் போட்டுப் பிரட்டினாள். வாசனை தெருவுக்குப் போயிற்று. சேகர் உள்ளே உட்கார்ந்து சாப்பிடவில்லை. தூறல் விட்டிருந்தது. வாசலில் மணலைத் தட்டிவிட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க உட்கார்ந்துகொண்டான். யாழினியையும் பக்கத்தில் உட்காரவைத்தான்.

கழி தூக்கிய பையன்களில் இரண்டு பேர் தெருமுனையில் நின்று பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வரதனே கூடைகளோடு அந்த வழியே வந்தான். கால் தயங்கியது.

"இன்னா மாமா, எறா எப்டிகீது?"

சேகர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "நல்லாகீதுப்பா. சத கெட்டியாகீது." உள்ளே திரும்பி, தெருமுனைக்கும் கேட்கிற குரலில், "இந்தாமே, இன்னும் நாலு போடு!" என்றான்.

பிரேமா கொண்டுவந்து போட்டாள். வரதன் முகம் தெளிந்தது. கூடையை இடம் மாற்றி வைத்துக்கொண்டு நடந்தான். தெருமுனையில் நின்றவர்களும் செல்போனைப் பார்த்தபடி கலைந்தார்கள். அப்புறமும் சேகர் மூன்றாம் முறை வாங்கினான். தண்ணீர் குடித்துக் குடித்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான்.

யாழினி விரலைச் சூப்பிக்கொண்டே கேட்டாள். "நைனா, நாளிக்கும் குடுப்பாங்களா?"

"இல்ல கண்ணு. மொத நாளிக்கு மட்டுந்தான்."

இறால் தலையும் தோலும் ஒரு முறம் சேர்ந்திருந்தது. நாறும் என்று வழக்கமாகக் கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பாள் பிரேமா. அன்றைக்கு வாசலிலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, பரப்பிக் கொட்டினாள்.